ஆவடியில் ஒரு தீர்மானம், சக்கரத்தில் ஒரு சாரி கார்டு

1

கொட்டேஷன் ஒரே ஒரு தாள்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு ஷோரூமில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டைனிங் டேபிளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடம் ஜாப் ஒர்க் பட்டறை நடத்தியவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பில் மாதிரிதான் படிப்பார்: மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து.

“எக்ஸ் ஷோரூம், சரி. லைஃப் டாக்ஸ், சரி. இன்சூரன்ஸ், சரி. இது இன்னாடா, ஹேண்ட்லிங் சார்ஜஸ்? எவன் ஹேண்டில் பண்றான்?”

“தெரியலப்பா. எல்லாருகிட்டயும் வாங்குறாங்க.”

“ஆக்சஸரீஸ் கிட், மேண்டேட்டரின்னு போட்டிருக்கு. மேண்டேட்டரின்னா அப்புறம் எப்படி ஆக்சஸரி?”

நான் மென்பொருள் எழுதுகிறவன். தேவைப்பட்டியலில் ‘கட்டாயம்’, ‘விருப்பம்’ என்று இரண்டு பத்திகள் பிரித்து அதை வைத்தே சம்பளம் வாங்குகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து முழுசாக இறங்கும் ஆஃப்-ரோடு வண்டி. 21 அங்குல முன்சக்கரம், உயரமான சீட், மண்ணில் ஓட்டுவதற்கான நீண்ட சஸ்பென்ஷன். மே மாதம் செம்பரம்பாக்கம் ஏரியின் ஓரம் வற்றிக் கிடந்தபோது நண்பனுடைய வண்டியில் நாற்பது நிமிடம் ஓட்டினேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்கு மேல் காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஷோரூமில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றிருந்தது. மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு மட்டுமான வண்டி. ஹெட்லைட் இல்லை. ஹாரன் இல்லை. இண்டிகேட்டர் இல்லை, கண்ணாடி இல்லை, வேகமானி இல்லை. சைடு ஸ்டாண்ட்கூட இல்லை, ஒரு முக்கோணக் கம்பியில் சாய்த்து வைத்திருந்தார்கள். சாலையில் பதிவு செய்ய முடியாது. ஃபோட்டோவைக் காட்டி விலையைச் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஹெட்லைட்டே இல்லாத வண்டிக்கு ஏழு லட்சமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இதை எழுதுகிறேன். ஒரு வண்டியின் விலையில் என்னவெல்லாம் இருக்கிறது, வண்டியோடு என்னவெல்லாம் வருகிறது, அதை யார் எப்போது முடிவு செய்தார்கள்? கூகிள் செய்து முடித்துவிடலாம் என்று நினைத்த கேள்வி. ஆனால் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் ஆவடியில் போய் நின்றது.

2

முதலில் ஒரு சின்ன ஆச்சரியம். சென்னைக்கு வந்த இறக்குமதி மோட்டார் சைக்கிள்களில் மிகப் புகழ்பெற்றது ஓர் ஆஃப்-ரோடு வண்டிதான். இன்று நாம் அப்படி யோசிப்பதில்லை, அவ்வளவே.

ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத்தான் சொல்கிறேன். கல்யாண ஊர்வலத்திலும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலிலும் பார்த்துப் பழகிய நமக்கு அது கனமான, நிதானமான சாலை வண்டி. ஆனால் அந்த வண்டியின் முன்மாதிரி முதலில் வெளியே வந்தது 1948 மார்ச்சில், இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையல் போட்டியில். டிரையல் என்றால் வேகப் பந்தயம் இல்லை. சேற்றிலும் பாறையிலும் ஓடையிலும் காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்டுவது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் சஸ்பென்ஷன் வைத்து அந்தப் புல்லட் வந்தபோது பலருக்கு அது வினோதமாகப் பட்டது. மேடுபள்ளத்தில் பின்சக்கரம் விறைப்பாக இருந்தால்தான் பிடி கிடைக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. ஓட்டிய இருவருமே தங்கப் பதக்கம் வாங்கினார்கள். வினோதம் என்ற பேச்சு நின்றது.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் விலைப்பட்டியல்கள் சுவாரஸ்யமானவை. வண்டிக்கு ஒரு விலை, அதன்மேல் கொள்முதல் வரி, அதற்குக் கீழே ‘கூடுதல்’ என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் பெரும்பாலும் முதலில் நிற்பது வேகமானி. பிரிட்டனில் 1937இலிருந்தே புதிய வண்டிகளுக்கு வேகமானி கட்டாயம். சட்டப்படி இல்லாமல் ஓட்ட முடியாது. ஆனால் விலைப்படி அது கூடுதல். அப்பாவிடம் சொன்னேன். “அப்போ அங்கயும் இதே கதைதானா” என்றார். கொஞ்சம் நிம்மதி தெரிந்தது முகத்தில்.

கே. ஆர். சுந்தரம் அய்யரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தது. சுதந்திரம் வந்த புதிது. நாட்டுக்குப் புதிய எல்லைகள், அந்த எல்லைகளில் சாலைகள் இல்லை. ராணுவத்துக்கு ரோந்து வண்டி வேண்டும். 1952இல் மெட்ராஸ் மோட்டார்ஸுக்கு ராணுவத்திடமிருந்து 350 சிசி புல்லட் 500 வேண்டும் என்று ஆர்டர் வந்ததாக ராயல் என்ஃபீல்டு தன் வரலாற்றில் சொல்கிறது. 1954இல் 800 என்றும் இன்னொரு கணக்கு பரவலாக உண்டு. எண் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: அந்தப் புல்லட்டுகள் ரெட்டிச்சில் கட்டப்பட்டு, கப்பலில் ஏறி, நம் எல்லையில் மண்ணிலும் பனியிலும் ஓடப் போயின. இறக்குமதி செய்யப்பட்ட ஆஃப்-ரோடு வண்டிகளின் முதல் பெரிய வாடிக்கையாளர் இந்திய அரசு.

அரசு ஒரு பொருளை நூற்றுக்கணக்கில் வாங்கினால் அடுத்த கேள்வி உடனே வரும். ஏன் இங்கேயே செய்யக் கூடாது?

3

1955 ஜனவரி. ஆவடி. காங்கிரஸ் மாநாட்டுக்காகச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்துப் பந்தல் போட்டிருக்கிறார்கள். தலைவர் யு. என். தேபர். மாநில முதல்வர் காமராஜர். நேரு வந்திருக்கிறார். ‘சோஷலிச பாணி சமுதாயம்’ அமைப்பதே இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக இதை எழுதியிருக்கிறேன். ஆவடி என்று விடை எழுதும்போது அது நான் தினமும் ரயிலில் கடக்கும் ஆவடிதான் என்பது உறைக்கவே இல்லை.

அந்தத் தீர்மானத்தில் மோட்டார் சைக்கிள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது. 1953இல் கட்டண ஆணையம், பாகங்களைத் தருவித்துப் பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்ற நிலைக்கு வந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. 1956இல் புதிய தொழிற்கொள்கைத் தீர்மானம். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி. அதற்குப் பிறகு இறக்குமதிக் கதவு கிட்டத்தட்ட மூடியே விட்டது.

அதே 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. 1956இல் அது திறந்தபோது வண்டி இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாகப் பெட்டியில் வந்தது, இங்கே பூட்டினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 163 புல்லட்டுகள். இன்றைய மொழியில் இதற்கு சி.கே.டி. என்று பெயர். பிறகு கருவிகளும் அச்சுகளும் வந்தன. 1960களின் தொடக்கத்தில் பாகங்கள் எல்லாமே இங்கே செய்யப்பட்டன.

திருவொற்றியூர் வடசென்னை. ஆனால் ஒரு வண்டியை ஒரு தொழிற்சாலை மட்டும் செய்துவிட முடியாது. அதற்குக் குழாய் வேண்டும், சங்கிலி வேண்டும், சக்கரம், பிரேக், டயர், மின்கருவி வேண்டும். மேற்குச் சென்னை எழுந்தது இந்தத் துணைப்பொருள்களின் மேல்தான். வரிசையாகப் பாருங்கள். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ். ஆவடியில், மாநாடு நடந்த அதே 1955இல், இரும்புக் குழாய் செய்யும் டியூப் புராடக்ட்ஸ். 1959இல் அம்பத்தூரில் டன்லப் டயர். 1960இல் அம்பத்தூரில் டிஐ டைமண்ட் செயின். பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க். அவற்றில் பலவற்றுக்கு பிரிட்டிஷ் கூட்டாளி இருந்தார்கள். கப்பலில் பொருளாக வந்துகொண்டிருந்தது, கப்பலில் வரைபடமாகவும் இயந்திரமாகவும் வரத் தொடங்கியது.

என் அப்பா 1970களின் கடைசியில் வாலாஜாவிலிருந்து இங்கே வந்தது இந்த வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான். டர்னராகச் சேர்ந்து, பிறகு இரண்டு லேத்தும் ஒரு சென்டர்லெஸ் கிரைண்டரும் வைத்துத் தனியாகத் தொடங்கினார். சங்கிலியின் இரண்டு தகடுகளை இணைக்கும் சின்னச் சின்ன பின்கள்தான் முக்கிய வேலை. என் பள்ளிக் கட்டணம், பொறியியல் கல்லூரிக் கட்டணத்தின் முதல் வருடம், இரண்டும் அந்தப் பின்களிலிருந்து வந்தவை. எனவே மூடிய கதவை நான் திட்டும்போது கொஞ்சம் நிதானமாகத்தான் திட்ட வேண்டியிருக்கிறது.

4

ஆனாலும் திட்ட இடமுண்டு.

போட்டி இல்லாத ஊரில் வண்டி மாற வேண்டிய அவசியமே இல்லை. ரெட்டிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் பிரிட்டனில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. இங்கே புல்லட் அதே வலதுகால் கியரோடும், நியூட்ரலைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மிதியோடும் ஓடிக்கொண்டே இருந்தது. 1977இல் அதை பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தார்கள். இறந்துபோன தாத்தாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பேரன் அவர் ஊருக்கே போய் நின்ற மாதிரி. அங்கிருந்தவர்கள் ஆசையாக வாங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் முப்பது வருடம் முந்தைய வண்டி பழமைக்காக விரும்பப்படுவது ஒன்று, வேறு வழியில்லாமல் ஓட்டப்படுவது வேறு.

மண்ணில் ஓட்ட விரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? இருப்பதை வெட்டினார்கள். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்திவந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத் தடம் திறந்தது. தார்த் தடமோ மண் தடமோ, நம் ஆட்கள் ஓட்டியவற்றில் பெரும்பகுதி மாற்றியமைத்த உள்ளூர் வண்டிகள்: யெஸ்டி, ஆர்எக்ஸ் 100, ஷோகன். மட்கார்டைக் கழற்று, சைலன்சரை மாற்று, ஹேண்டில்பாரை உயர்த்து, பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூட்டு. வெளிநாட்டில் கம்பெனியே செய்து பெட்டியில் வைத்துத் தந்ததை இங்கே மெக்கானிக்குகள் ரம்பத்தால் செய்தார்கள். அப்பாவின் பட்டறைக்கும் ஓரிரு பையன்கள் வந்திருக்கிறார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு வண்டியின் பாகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, “அண்ணே, இது சாம்பிள். இதே மாதிரி ரெண்டு வேணும்” என்பார்களாம். காசு வாங்கியதில்லை என்கிறார். அம்மா அதை நம்பவில்லை.

சாதாரண வாடிக்கையாளர் கதை இன்னும் எளிது. புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வண்டி வந்ததும் ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்’ என்று ஒரு பட்டியல் நீட்டப்படும். கிராஷ் கார்டு, கண்ணாடி, சீட் கவர், சாரி கார்டு, பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வண்டி அடுத்த மாதம் வரும், அவ்வளவுதான். என் தாளில் ‘மேண்டேட்டரி ஆக்சஸரீஸ் கிட்’ என்று இருந்த வரிக்கு நாற்பது வயதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

5

கதவு திறந்த கதைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001 ஏப்ரல் 1 அன்று இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தொகுதி நீங்கியது. இனி வண்டி கொண்டுவரலாம், வரி கட்டினால். புது வண்டிக்கு 60 சதவீதம், பயன்படுத்தியதற்கு 105. வரியைத் தாண்டினாலும் இந்தியச் சோதனைகளில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு மாடலுக்கான சோதனைச் செலவை ஆயிரம் வண்டிகளின்மேல் பரப்பினால் தெரியாது. இருபது வண்டிகளின்மேல் பரப்பினால் முதுகு முறியும்.

2007இல் ஒரு பண்டமாற்று நடந்தது. அமெரிக்கா இந்திய மாம்பழத்தை உள்ளே விட்டது. இந்தியா 800 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஐரோப்பியப் புகைத்தரச் சான்றை ஏற்றுக்கொண்டு ஹார்லி டேவிட்சனுக்கு வழிவிட்டது. செய்தித்தாள்கள் எல்லாம் மாம்பழ ஜோக் அடித்தன. அந்த ஜோக்கில் ஒரு விஷயம் தொலைந்துபோனது: 800 சிசி என்ற அந்தக் கோடு. ஆஃப்-ரோடு வண்டி என்பது பெரும்பாலும் 250, 450 சிசி ஒற்றை சிலிண்டர். இலகுவாக இருப்பதுதான் அதன் தொழில். ஆக, கதவு கனமானவர்களுக்குத் திறந்தது; மெலிந்தவர்கள் வெளியேயே நின்றார்கள்.

அதனால்தான் 2017 வாக்கில் கவாஸாகியின் கேஎக்ஸ், சுஸுகியின் ஆர்எம்-இஸட் வரிசைகள் இங்கே விற்பனைக்கு வந்தபோது பதிவு எண் வாங்க முடியாத, பந்தயத்துக்கு மட்டுமான வண்டிகளாக வந்தன. 250 சிசி வண்டிக்கே 7 லட்சத்துக்கு மேல். ஹெட்லைட் ஏன் இல்லை என்ற அப்பாவின் கேள்விக்கு இதுதான் பாதிப் பதில். மோட்டோகிராஸ் வண்டியில் எடைதான் எதிரி. விழுந்தால் உடையும் எதையும் அதில் வைக்க மாட்டார்கள். கூடவே, ஹெட்லைட்டும் ஹாரனும் வைத்துவிட்டால் மட்டும் அது சாலை வண்டியாகிவிடாது. புகை, சத்தம், பிரேக் என்று எல்லாச் சோதனைகளும் பின்னாலேயே வரும். மீதிப் பதில் வரி.

2013இல் 800 சிசிக்கு மேற்பட்டவற்றின் சுங்கவரி 75 சதவீதமானது. 2018 பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிப்படையாகக் குறைசொன்ன சூட்டில், எல்லா அளவுக்கும் ஒரே மாதிரி 50 என்று இறங்கியது. 2025 பட்ஜெட்டில் 1600 சிசி வரையிலான முழு வண்டிகளுக்கு 40. அதே ஆண்டு செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியது: 350 சிசி வரை 28இலிருந்து 18, அதற்கு மேல் 28 உடன் 3 சதவீத செஸ் என்றிருந்தது ஒரேயடியாக 40.

இதை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டேன். துறைமுகத்தில் வந்து இறங்கும்போது 100 ரூபாய் மதிப்புள்ள ஒரு 450 சிசி வண்டி. சிறு வரிகளையும் டீலர் லாபத்தையும் ஒதுக்கிவிடுவோம். பழைய கணக்கு: சுங்கம் 50 சேர்ந்து 150, அதன்மேல் 31 சதவீதம், 46.50, மொத்தம் 196.50. புதிய கணக்கு: சுங்கம் 40 சேர்ந்து 140, அதன்மேல் 40 சதவீதம், 56, மொத்தம் 196.

பட்ஜெட்டில் இறக்குமதி வண்டிகளுக்கு வரி குறைந்தது என்று நண்பர்கள் குழுவில் கொண்டாடினோம். எட்டு மாதத்துக்குள் மிச்சமானது ஐம்பது பைசா.

அதே வண்டி 300 சிசியாக இருந்தால் 192 ஆக இருந்தது 165.20 ஆகிறது. பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படும் 450 சிசி என்றால், சுங்கம் 15இலிருந்து 10 ஆகக் குறைந்தும், ஜிஎஸ்டி ஏறியதால் 150.65 ஆக இருந்தது 154 ஆகிறது. இவற்றுக்கெல்லாம் மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 12 சதவீதம். வரிக்கும் வரி. ஒப்பிட வேண்டுமானால், ஐரோப்பிய ஒன்றியம் 250 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விதிக்கும் சுங்கம் 6 சதவீதம்.

இந்த எண்களில் ஒரு கொள்கை தெரிகிறது. முழுசாக வராதே, துண்டாக வா. இன்னும் நல்லது, இங்கேயே செய். 1953இல் சொன்னதேதான், இப்போது தடையாக இல்லாமல் விலையாகச் சொல்லப்படுகிறது. அது வேலையும் செய்கிறது. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 என்ற சாலையில் ஓட்டக்கூடிய மண் வண்டி 2024 டிசம்பரில் 3.30 லட்சம் விலையில் அறிமுகமானது. 2025இல் உள்நாட்டுத் தயாரிப்பு கூடியதும் 1.99 லட்சம். ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் சரிவு.

6

நம் பக்கத்துக் கதையும் இதில் உண்டு. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்தபோது விலை சுமார் 1.55 லட்சம். 411 சிசி, 21 அங்குல முன்சக்கரம், எஞ்சினுக்குக் கீழே கல் அடிக்காமல் தகடு, பின்னால் சாமான் தாங்கி, மீட்டரில் ஒரு திசைகாட்டி. எல்லாம் வண்டியோடு. திசைகாட்டியைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. ‘எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்’ பட்டியலில் தேடி வாங்க வேண்டியவற்றை, மண்ணில் ஓட்டுகிறவனுக்கு இது வேண்டும் என்று யோசித்து முதலிலேயே வைத்துத் தந்திருந்தார்கள். அந்த வண்டியில் கோளாறுகள் இல்லாமல் இல்லை, ஏபிஎஸ்கூட 2018இல்தான் வந்தது. 2023 நவம்பரில் 450 வந்தபோது அறிமுக விலை 2.69 லட்சம், டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் அடுத்த ஆண்டுதான் தனிக் காசுக்கு வந்தது. ‘ஸ்டாண்டர்ட்’ என்ற சொல் எப்போதும் பேரத்தில்தான் இருக்கிறது.

எது ஸ்டாண்டர்ட் என்று கம்பெனி மட்டும் முடிவு செய்வதில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி என்று ஒன்று உண்டு. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைத்து, உட்காருபவரின் உடை சிக்காதபடி ஒரு தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்புதான் சாரி கார்டு. உலகத்தின் மிக நவீனமான ஆஃப்-ரோடு வண்டியும் இந்தியாவில் பதிவாக வேண்டுமென்றால், அதன் அழகான வாலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஷோரூமில் நான் அதைத்தான் முதலில் கேட்டேன். “சார், இந்தக் கம்பியை எடுத்துட முடியுமா? அசிங்கமா இருக்கு.” விற்பனையாளர் புன்னகைத்தார். “ரெஜிஸ்ட்ரேஷன் முடியட்டும் சார். அப்புறம் நீங்களே கழட்டிக்கோங்க. எல்லாரும் அதான் பண்றாங்க.”

இதை வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

“கழட்டாத” என்றார்.

“அப்பா, அது ஆஃப்-ரோடு வண்டி. யாரும் பின்னாடி புடவை கட்டிக்கிட்டு உக்காரப் போறதில்ல.”

“உங்க அத்தையும் அன்னிக்கு உக்காரப் போறேன்னு சொல்லல.”

1986. எனக்குப் பிறப்பதற்கு முந்தைய கதை. அத்தையின் இடது கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தழும்பு உண்டு என்பது தெரியும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் வண்டியிலிருந்து விழுந்தது என்பதும் தெரியும். எப்படி விழுந்தார் என்று நான் கேட்டதே இல்லை. பஸ் வராததால் அப்பா பட்டறையில் வேலை செய்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறியிருக்கிறார். இளம் பையன், ஸ்டைலுக்காகச் சாரி கார்டைக் கழற்றி வைத்திருந்தான். முந்தானை சக்கரத்தில் சுற்றியது. நாலு மாதம் படுக்கை. நடக்க இருந்த கல்யாணம் நின்றது.

“அந்த கார்டு எங்க இருந்துச்சு தெரியுமா? பட்டறையில, மூலையில. நான்தான் தினம் பாத்துட்டிருந்தேன். எடுத்து மாட்டுடான்னு ஒரு வார்த்தை சொல்லல.”

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பட்டறையில் சாயந்திர வேளைகளில் சாரி கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார். ஆவடிக் குழாய், கழிவில் வந்த துண்டுகள். வளைத்து, வெல்டு வைத்து, கறுப்புப் பெயிண்ட். தெரிந்தவர்கள் யார் வண்டியில் கார்டு இல்லையோ அவர்களுக்கு. இதற்கும் காசு வாங்கியதில்லை. இதை அம்மா மறுக்கவில்லை. 123ஆம் விதி வருவதற்கு மூன்று வருடம் முன்பு.

நான் வரலாறு என்று இவ்வளவு நேரம் எழுதியது தீர்மானங்கள், சதவீதங்கள், ஆண்டுகள். விலையைப் பற்றி அவை எல்லாம் சொல்லிவிடும். ஆனால் ஒரு வண்டியோடு என்ன வர வேண்டும் என்ற பட்டியலில் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ விழுந்திருக்கிறார்கள். ஹாரன், பிரேக் விளக்கு, ஏபிஎஸ், கம்பி. ரெட்டிச்சிலோ ஜப்பானிலோ அந்தக் கம்பியைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அங்கே விழுந்தவர்கள் வேறு காரணங்களுக்காக விழுந்தார்கள்.

7

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். 196 ரூபாய்க் கணக்கு தெரிந்தும்தான். ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று எழுத்தில் கேட்டேன். அந்த வரி அடுத்த கொட்டேஷனில் காணாமல் போனது, விளக்கம் எதுவும் இல்லாமல்.

டெலிவரி நாளில் அப்பாவையும் அழைத்துப் போனேன். மற்றவர்கள் டேங்க்கையும் மீட்டரையும் பார்த்தார்கள். அவர் கஷ்டப்பட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சங்கிலியைப் பார்த்தார். ஒரு இணைப்பை விரலால் அசைத்தார். பக்கத்தகட்டில் பொறித்திருந்த வெளிநாட்டுப் பெயரைக் கண்ணுக்கு அருகே குனிந்து படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன எஃகு ஸ்கேலை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்.

“அஞ்சே கால் எட்டா?” என்றேன், தெரிந்தவன் மாதிரி.

“அஞ்சு பை எட்டு” என்று திருத்தினார். “பதினஞ்சு புள்ளி எட்டு ஏழு அஞ்சு மில்லி. எல்லா ஊர்லயும் அதே பிட்ச்தான்.” எழுந்திருக்கக் கை நீட்டினார், தூக்கிவிட்டேன். “இது தேஞ்சதும் சொல்லு. அம்பத்தூர் செயினே போட்டுக்கலாம்.”

சாரி கார்டு வண்டியில்தான் இருக்கிறது. பாறையில் இரண்டு தடவை உரசி ஒரு பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைப் பார்த்துவிட்டு, குழாய் ரொம்ப மெல்லிசு என்றார்.